பருவமழையும் தொலைதூரக் காற்றும்

நம் நாட்டில் மழையை முன்னறியும் முயற்சி பஞ்சத்தின் நிழலில் வளர்ந்ததாகும். இந்திய வானிலைத் துறை 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டிலேயே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலும் பிறவிடங்களிலும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர் என்பர். பருவமழையின் போக்கை முன்கூட்டியே அறிய இயலுமா என்னும் கேள்வி அதன்பின் உயிர்ப் பிரச்சினையாயிற்று.

துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்போர்டு விடையை இமயத்தில் தேடினார். குளிர்காலத்தில் அங்கே பனி மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குறையும் என்பது அவர் கண்ட தொடர்பு. அதனை அடிப்படையாகக் கொண்டு 1886 முதல் முன்னறிவிப்புகள் வெளியாயின. ஆயினும் 1899-இல், அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் நல்ல மழையை எதிர்பார்த்திருக்க, நாடு கொடிய வறட்சியைக் கண்டது.

1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் பயின்ற கணித அறிஞர். அவர் உலகின் பல திசைகளிலிருந்தும் காற்றழுத்தக் குறிப்புகளைத் திரட்டி ஒப்பிட்டார். பசிபிக் மாகடலில் அழுத்தம் உயரும்போது இந்துமாகடலில் தாழ்கிறது. அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது. தராசின் இரு தட்டுகளைப் போன்ற இவ்வசைவுக்குத் ‘தெற்கத்திய ஊசலாட்டம்’ என்று அவர் பெயரிட்டார். பசிபிக் நீர் வெப்பமுறும் ‘எல் நினோ’வுடன் இதற்குள்ள உறவை 1969-இல் பியர்க்னெஸ் விளக்கினார்.

எனினும் தொலைதூரக் காற்று பருவத்தின் போக்கைச் சாய்க்கிறதேயன்றி, ஒவ்வொரு புயலையும் ஆணையிட்டு அனுப்புவதில்லை. எல் நினோ மிக வலுவாயிருந்த 1997-இல் பருவமழை குறையவில்லை. வங்கக் கடலில் தோன்றும் தாழ்வழுத்தங்கள் எத்தனை, அவை எவ்வழி நகர்கின்றன என்பவற்றைப் பொறுத்தே வட இந்தியச் சமவெளியின் மழை பெரிதும் அமைகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றுக் குழப்பங்களும் இதில் பங்கு கொள்கின்றன.

துறையின் தலைமையகம் 1944 முதல் அமைந்துள்ள டில்லியே இதற்குச் சான்று. 2023-ஆம் ஆண்டு எல் நினோ தலைதூக்கிய ஆண்டு. நாட்டின் மொத்தப் பருவமழை சராசரியில் 94 விழுக்காடே. ஆனால் அவ்வாண்டு ஜூலைத் தொடக்கத்தில் பருவக்காற்று மேற்கத்திய குழப்பத்துடன் கலந்தது. டில்லியில் ஒரே நாளில் 153 மில்லிமீட்டர் மழை பெய்தது. மலைப்பகுதியிலும் பெருமழை கொட்டவே, ஜூலை 13 அன்று யமுனை 208.66 மீட்டர் மட்டத்தை எட்டி, கரையோர மக்களை வீடிழக்கச் செய்தது.

ஆகவே பருவ முன்னறிவிப்பு ஒன்று, நாளைய புயலின் எச்சரிக்கை மற்றொன்று. முன்னது விதைப்புக்கும் தானியச் சேமிப்புக்கும் துணை. பின்னது ஆற்றங்கரையில் வாழ்வோரின் உயிருக்குக் காவல். பருவம் குறையும் என்று கேட்ட ஆண்டிலும் வெள்ள எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பதே அறிவுடைமையாகும்.