புதுச் செடி 'கண்டுபிடிப்பு' என்றால் என்ன? கும்மிடிப்பூண்டி பக்கம் முளைக்கும் ஒரு பூச்செடி பதிவேட்டுக்கு வருவது எப்படி?

'இந்தப் பகுதியில் இதுவரை பார்க்காத பூச்செடி கண்டுபிடிப்பு' என்று அடிக்கடி செய்தி வருகிறது. படிக்கிறவர்களுக்கு உடனே ஒரு சந்தேகமும் வரும். செடி அங்கேயேதானே இருந்திருக்கும், ஆடு மேய்க்கிறவங்களுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். தாவரவியலில் 'புதுசு' என்றால் யாரும் பார்க்காதது என்று அர்த்தமில்லை, எழுத்தில் பதிவாகாதது என்றுதான் அர்த்தம்.

அதிலும் மூன்று வகை இருக்கிறது. உலகத்தில் எங்குமே பெயர் வைக்கப்படாத செடி என்றால் அது புதிய இனம். வேறு ஊரில் தெரிந்த செடி இங்கே முதல்முறையாகக் கிடைத்தால் அது புதிய பதிவு. எப்போதோ சேகரித்து, பிறகு யாருமே பார்க்காத செடி திரும்பக் கிடைத்தால் அது மறுகண்டுபிடிப்பு. மூன்றாவதுக்கு நல்ல உதாரணம் கேரளாவில் இருக்கிறது. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1835-ல் சேகரித்த ஓர் இலுப்பை வகை, மதுக்கா டிப்ளோஸ்டெமன், 180 ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2020-ல் கொல்லம் மாவட்டம் பரவூர் பக்கம் ஒரு கோயில் காவில் அது இருப்பது தெரிய வந்தது.

திருவள்ளூரில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

'புதுசு' என்று சொல்ல, முதலில் பழைய பட்டியல் வேண்டும். இந்தப் பகுதிக்கு அது இருக்கிறது. கேம்பிள் தொடங்கி, 1925-ல் அவர் இறந்த பிறகு ஃபிஷர் முடித்த மெட்ராஸ் மாகாணத் தாவரத் தொகுப்பு 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. நடுவில் 1929-ல், மெட்ராஸ் நகரத்திலும் அதைச் சுற்றியும் பூக்கும் தாவரங்களை மட்டும் தொகுத்து பி.வி. மாயூரநாதன் எழுதிய நூலை மெட்ராஸ் அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. லிவிங்ஸ்டனும் ஹென்றியும் அதைத் திருத்தி 1994-ல் புதிய பதிப்பாகக் கொண்டுவந்தார்கள். மாநிலம் முழுவதற்குமான பட்டியல்கள் 1980-களில் வந்தவை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தில் பாதிரியார் கே.எம். மேத்யூ செய்த வேலையும் அந்தக் காலத்ததுதான்.

தேதிகளைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட் இன்றைய அளவுக்கு விரிவதற்கும், தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவும் காட்டுப்பள்ளி துறைமுகமும் வருவதற்கும் முன்பே இந்தப் பட்டியல்கள் எழுதப்பட்டுவிட்டன. இடம் மாறிவிட்டது, பட்டியல் மாறவில்லை.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. திருவள்ளூர் 1997-ல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் சேகரித்த மாதிரிகளின் சீட்டில் 'செங்கல்பட்டு' என்றுதான் இருக்கும். அதைப் பார்க்காமல் 'திருவள்ளூர் மாவட்டத்தில் முதல் பதிவு' என்று அறிவித்தால், செடி புதுசில்லை, மாவட்டம்தான் புதுசு. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. செடிக்கு எல்லைக்கோடு தெரியாது. ஸ்ரீஹரிகோட்டா பக்கம் நெடுநாளாகத் தெரிந்த செடி பழவேற்காட்டில் முளைத்தால், தமிழ்நாட்டுக்குப் புதிய பதிவு என்று ஆகிவிடும். அதில் தப்பில்லை, ஆனால் அது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசிக்க வேண்டும்.

போட்டோ எடுத்தால் போதாதா?

போதாது. பல புல், கோரை வகைகளைப் பூவின் உள்பாகத்தையோ விதையையோ லென்ஸில் பார்க்காமல் பிரித்தறிய முடியாது. தெரிந்த செடியே ஏமாற்றும். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பலரும் நினைத்துக்கொள்ளும் மஞ்சள் பூக்கொடி, பல இடங்களில் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக வந்த சிங்கப்பூர் டெய்சிதான். இலையில் மூன்று மடல் இருக்கிறதா என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அதனால்தான் 'ஹெர்பேரியம் மாதிரி' என்ற பழைய முறை இன்னும் நிற்கிறது. பூவும் முடிந்தால் காயும் உள்ள கிளையைப் பறித்து, பழைய நியூஸ்பேப்பருக்கு நடுவில் வைத்து அழுத்தி, ஈரம் போகும்வரை பேப்பரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்ததும் 42 சென்டிமீட்டருக்கு 28 சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டுவார்கள். அட்டையின் ஓரத்தில் ஒட்டும் சின்னச் சீட்டுதான் உயிர்நாடி. எந்த இடம், என்ன தேதி, எந்த மண், ஏரிக்கரையா உப்பங்கழியா, எவ்வளவு உயரம், யார் சேகரித்தது என்று எல்லாம் அதில் இருக்கும். பூவின் நிறத்தையும் எழுதியாக வேண்டும், காய்ந்தால் நிறம் போய்விடும். காப்புக்காட்டில் சேகரிக்க வனத்துறை அனுமதி அவசியம்.

பிறகு அந்த மாதிரியைப் பழைய மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முக்கியமான இடம் கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம். 1853-ல் சென்னையில் தொடங்கி 1909-ல் கோவைக்குப் போனது, இன்று இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. ஊர் மாறியும் பெயர் மாறவில்லை.

எந்தப் பட்டியலிலும் இல்லை என்று உறுதியானால், 'ரீடியா', 'நெலும்போ' மாதிரியான ஆய்விதழில் கட்டுரை வரும். புதிய இனம் என்றால் விதிகள் இன்னும் கடுமை. 1958 முதல், பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியைக் குறிப்பிடாத பெயர் செல்லாது. லத்தீனில் விவரித்தே ஆக வேண்டும் என்ற விதி மட்டும் 2012-ல் தளர்ந்து, ஆங்கிலமும் போதும் என்று ஆனது.

இதனால் ஊருக்கு என்ன?

பார்த்தீனியம் கதையே பதில். 1950-களில் புனேவில் கண்ட அந்தச் செடியை, இந்தியாவுக்குப் புதிய பதிவு என்று ஆர்.எஸ். ராவ் 1956-ல் எழுதினார். அதற்குப் பிறகு அது நாடு முழுக்கப் பரவி, தோல் அலர்ஜியும் மூச்சுத் தொல்லையும் தரும் களையாக நிற்கிறது. (1814-லேயே ராக்ஸ்பர்க்கின் தோட்டப் பட்டியலில் அதன் பெயர் இருந்ததைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள்.) புதிய பதிவு எல்லாமே நல்ல செய்தி இல்லை. சில நேரம் அது முதல் எச்சரிக்கை.

கும்மிடிப்பூண்டி, எண்ணூர் பக்கம் இது கூடுதலாகப் பொருந்தும். துறைமுகம், கன்டெய்னர் யார்டு, ரயில் பாதை, இறக்குமதி ஸ்கிராப் என்று வெளிநாட்டு விதை வந்து விழ வழி நிறைய இருக்கிறது. சீமைக் கருவேலத்தை அது கைமீறின பிறகுதான் எல்லோரும் பேச ஆரம்பித்தோம்.

மறுபக்கம், காணாமல் போகும் செடிகள். பெரிய ஆலை வருவதற்கு முன், 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு நடக்கும். பொதுவாகச் சுற்றிலும் 10 கிலோமீட்டர் வட்டத்தில் உள்ள செடி கொடிகளைப் பட்டியலிட வேண்டும். ஆனால் பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரே ஒரு பருவத்தின் தகவல் போதும் என்பது நடைமுறை. திருவள்ளூரில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். மேய்க்கால் நிலத்திலும் ஏரி உள்வாயிலும் சில வாரமே வாழும் சின்னச் செடிகள் அந்த ஈரத்தில்தான் முளைத்துப் பூக்கும். ஏப்ரலில் போய்ப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது வெறும் பொட்டல்தான். அறிக்கையிலும் 'முக்கியத் தாவரம் ஏதுமில்லை' என்று எழுதிவிடலாம். தேதியும் இடமும் போட்ட ஒரு மாதிரி ஹெர்பேரியத்தில் இருந்தால், கருத்துக்கேட்புக் கூட்டத்திலோ பசுமைத் தீர்ப்பாயத்திலோ அந்த வரியைக் கேள்வி கேட்கலாம்.

தெரியாத செடியைப் பார்த்தால் என்ன செய்யலாம்?

பிடுங்க வேண்டாம். ஒரே ஒரு செடிதான் அங்கே இருக்கிறது என்றால் ஆய்வாளர்களே தொட யோசிப்பார்கள். முழுச் செடி, இலையின் இரண்டு பக்கம், பூவின் முன்னும் பின்னும், காய், சுற்றியுள்ள இடம் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடத்தோடு பதிவேற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். ஒரு கல்லூரியின் தாவரவியல் துறைக்கும் காட்டலாம். உள்ளாட்சி அமைப்புகளில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அது இருக்கிறதா, அந்தச் செடிக்கு ஊரில் வழங்கும் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.