குறைமாதக் குழந்தைகளின் சுவாசத் தொற்று: பெற்றோர் விழிப்புணர்வு

37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைகளின் மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் தாக்கும் தொற்றுகளில் முதன்மையானது ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸால் வருவது. தாயின் எதிர்ப்புரதங்கள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியே சேயைச் சேரும். முந்திப் பிறக்கும் குழந்தைக்கு அவை முழுதாகக் கிடைப்பதில்லை. மூச்சுக்குழாயும் மிகக் குறுகியது என்பதால், கொஞ்சம் சளி கட்டினாலே அடைத்துக்கொள்ளும்.

வரலாறு: 1956இல் அமெரிக்காவில், சளி பிடித்த ஆய்வகச் சிம்பன்சிகளிடம் இந்த வைரஸ் முதன்முதலில் கண்டறியப்பட்டது. முதலில் சிம்பன்சிச் சளி என்ற பெயரிலேயே வழங்கியது. அடுத்த ஆண்டே ராபர்ட் சானக் குழுவினர் பால்டிமோரில் நோயுற்ற குழந்தைகளிடமும் அதைக் கண்டனர். 1960களின் நடுவில் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த தடுப்பூசி ஒன்று சோதிக்கப்பட்டது. ஊசி போட்ட குழந்தைகளுக்கு நோய் தடைபடுவதற்குப் பதில் முற்றியது, இருவர் இறந்தனர். அந்தத் துயரம் தடுப்பூசி ஆய்வைப் பல பத்தாண்டுகள் பின்தள்ளியது. 1998இல் பாலிவிசுமாப் என்ற எதிர்ப்புரத ஊசிக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், நோய்ப் பருவத்தில் மாதம் ஒன்றாக ஐந்து ஊசி வரை போட வேண்டியிருந்தது. வேறு கோளாறு இல்லாத குறைமாதக் குழந்தைகளில் 29 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும் இது போதும் என 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி சுருக்கிக்கொண்டது பின்னடைவே.

அறிகுறிகள்: மூக்கொழுகலையும் இருமலையும் மட்டும் பார்த்திருந்தால் போதாது, நெஞ்சைப் பார்க்க வேண்டும். சட்டையைக் கழற்றிப் பார்த்தால், நோய் முற்றிய குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் அடியில் குழி விழுவது தெரியும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போது முழு நிமிடம் எண்ணி, மூச்சு 60ஐத் தொட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாலு வாய் பால் உறிஞ்சியதுமே களைத்து விட்டுவிடுவதும் எச்சரிக்கைதான். மிகச் சிறிய குழந்தைகளுக்குக் காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாமல் மூச்சு இடையிடையே நிற்பதே முதல் அறிகுறியாகலாம்.

பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் வெறும் ஜலதோஷமாக வந்து போகும். அதனால்தான் குழந்தை பார்க்க வரும் உறவினரும், பள்ளிக்குப் போகும் அண்ணன், அக்காவும் அறியாமலே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். கை கழுவிவிட்டு வரச் சொல்வதையும், முத்தமிட வேண்டாம் என்பதையும் மரியாதைக் குறைவாக நினைத்துப் பெற்றோர் தயங்கக் கூடாது. பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை தீங்கைக் கூட்டும்.

இன்றைய நிலை: 2023இல் நிர்செவிமாப் என்ற ஒரே தவணை ஊசிக்கும், கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிக்கும் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. 2025இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் பரிந்துரைத்தது. 2019இல் ஆர்.எஸ்.வி.யால் இறந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ ஒரு லட்சம் என மதிப்பிடப்பட்டுள்ளது; அவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள்.