முதுமை மறதி நோயும் டெலிரியமும்: மதிப்பீட்டு அளவுகோல்கள்

முதியோரின் நினைவு, கவனம், மொழி, இடகால உணர்வு ஆகியவை எந்த அளவு குன்றியுள்ளன என்பதை வரையறுத்த வினாக்களாலும் எளிய செயல்களாலும் கண்டறிந்து மதிப்பெண்ணாகக் குறிக்கும் கருவிகள் மதிப்பீட்டு அளவுகோல்கள் எனப்படும். மறதி நோயாகிய டிமென்ஷியா ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. மக்கள் ஜன்னி என்று சொல்லும் நிலைக்கு நெருங்கிய டெலிரியமோ காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சோடியக் குறைவு, மருந்து, அறுவை சிகிச்சை போன்றவற்றால் சில மணி நேரத்திலோ நாள்களிலோ தோன்றி, ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் காணப்படுவது.

தோற்றம். இங்கிலாந்தில் பிளெஸ்ட், டாம்லின்சன், ராத் ஆகியோரின் அளவுகோல் 1968இலும், ஹாட்கின்சனின் பத்து வினாத் தேர்வு 1972இலும் வெளியாயின. அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் இணையரும் மெக்ஹியூவும் 30 மதிப்பெண் கொண்ட மனநிலைச் சிறுதேர்வை 1975இல் வெளியிட்டனர். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளர் பிரிவை மருத்துவர் வி. எஸ். நடராசன் 1978இல் தொடங்கினார்.

திருப்போரூர். எஸ். ராஜ்குமார், எஸ். குமார், ஆர். தாரா ஆகியோர் திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் 60 வயதைக் கடந்தவர்களிடம் நடத்திய ஆய்வு 1997இல் வெளியானது. அக்காலத்தில் காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. முதியோர் மனநிலை நேர்காணல் என்னும் கருவியைக் கொண்டு நடந்த இந்த ஆய்வு, மறதி நோய் 3.5 விழுக்காட்டினரிடம் இருப்பதாகக் கணித்தது.

எழுத்தறியாதோருக்கான அளவுகோல்கள். மேலைநாட்டுத் தேர்வுகளில் ஒரு வாக்கியம் எழுதுதல், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல் போன்றவை பள்ளிப் படிப்பையே அளந்தன. கோர்வைப் புடவையில் கரையையும் உடலையும் பிசகாமல் இணைக்கும் காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர், பள்ளி செல்லாத ஒரே காரணத்தால் இத்தேர்வுகளில் குறைந்த மதிப்பெண் பெறக்கூடும். இக்குறையைப் போக்க மேரி கங்குலியும் உடன் ஆய்வாளர்களும் ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களுக்கென உருவாக்கிய இந்தி மனநிலைத் தேர்வு 1995இல் வெளியானது. நினைவில் வைத்துக்கொண்டு சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல அதில் தரப்படும் சொற்கள் மூன்று: மாம்பழம், நாற்காலி, நாணயம். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொன்னால் போதும். எழுதிக் காட்டிய கட்டளையைப் படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதிலாக, எதிரே இருப்பவர் மூடுவதைப் பார்த்து அவ்வாறே செய்தால் போதும்.

தமிழகத்தில் இம்முயற்சி 10/66 ஆய்வுக் குழுவின் வழியே விரிந்தது. மறதி நோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அந்நாடுகளைச் சார்ந்தவை என்பதைச் சுட்டும் பெயர் அது. சென்னை நகரிலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் களமான கணியம்பாடி வட்டாரத்திலும் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் வீதம் நேர்காணப்பட்டனர். முதியவரிடம் பத்துச் சொற்களை வாசித்துக் காட்டித் திரும்பக் கேட்பதோடு, உடன் வாழும் மகனிடமோ மருமகளிடமோ அவருடைய அன்றாட நடப்பையும் கேட்டு, இரண்டையும் சேர்த்தே முடிவுக்கு வந்தனர்.

கருத்து வேறுபாடு. கணியம்பாடியில் அமெரிக்க மனநல வகைப்பாட்டின்படி 0.8 விழுக்காடாக இருந்த மறதி நோய், 10/66 முறையில் 10.6 விழுக்காடாயிற்று. தறியிலிருந்தும் ஏரிலிருந்தும் ஓய்வு பெற்றவரிடம் குடும்பம் கடினமான வேலை எதையும் எதிர்பார்ப்பதில்லை என்பதால், அவருடைய தளர்ச்சி வீட்டாருக்குப் புலப்படாமல் முதல் முறையில் விடுபட்டிருக்கலாம் என்பது 10/66 குழுவினரின் விளக்கம். கல்வியின்மை நோயாக எண்ணப்பட்டிருக்கலாம் என்ற ஐயமும் உண்டு; உண்மை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகலாம்.

டெலிரியம். ஷரோன் இனூயி 1990இல் வெளியிட்ட குழப்ப மதிப்பீட்டு முறை நான்கு கூறுகளைப் பார்க்கிறது. திடீரென்று தோன்றி ஏறி இறங்கும் போக்கும் கவனச் சிதறலும் கட்டாயம் இருக்க, தொடர்பற்ற சிந்தனை, மாறிய விழிப்பு நிலை ஆகியவற்றில் ஒன்றேனும் உடனிருத்தல் வேண்டும். ஒருவருக்கு டெலிரியமும் மறதி நோயும் சேர்ந்தும் வரக்கூடும் என்பதால், டெலிரியம் தணிந்த பின்னரே மறதி நோய்க்கான தேர்வை நடத்துவது முறை.

அண்மைக்காலம். இந்திய முதுமை நெடுநோக்காய்வின் மறதி நோய்ப் பிரிவு, நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. எந்த அளவுகோலின் மதிப்பெண்ணும் தன்னளவில் நோயறிதல் ஆகாது; மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் தேவைப்படுவோர் அவற்றை அணிந்திருக்கிறார்களா என்று பார்த்த பின்பே முதல் வினாவைக் கேட்க வேண்டும்.