கழுகின் கீழே ஒரு மனிதன்

பறவை ஓவியர் ஜோன் ஜேம்ஸ் ஓடுபன் 1833 இல் பொஸ்டன் நகரில் உயிருள்ள பொன்னிறக் கழுகொன்றை விலைக்கு வாங்கினார். கரிப்புகையிட்டும் அது சாகவில்லை. ஈற்றில் கூரிய இரும்பை நெஞ்சிற் பாய்ச்சிக் கொன்றார். ஓய்வின்றி வரைந்து நோயிலும் விழுந்தார்.

படத்திற் கழுகு சிறகு விரித்து மேலெழுகிறது. இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அது பற்றிய வெண்முயலின் கண்ணில் நகம் இறங்கியிருக்கிறது. இனி இடது கீழ் மூலையைப் பார்ப்போம். மலைப் பிளவின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தில், கொன்ற பறவையை முதுகிற் கட்டியபடி சிறிய மனிதனொருவன் ஊர்ந்து கடக்கிறான். அது ஓவியரே என்பர் ஆய்வாளர் பலர்.

இலண்டனில் றொபேட் ஹவெல் செதுக்கிய அச்சுப்படத்தில் அம்மனிதன் இல்லை. உலகெங்கும் பரவியது அந்த அச்சே.

ஓடுபன் 1785 இல் இன்றைய ஹெயிட்டியிற் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். நெப்போலியனின் படைக்கு ஆள் பிடிப்பதிலிருந்து தப்புவிக்க, 1803 இல் 18 வயதுப் பிள்ளையைத் தகப்பன் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். அவ்வாறு பெற்றோர் அனுப்பிவைத்த பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! கழுகின் அழகை வியக்கும் நாம் அந்த மூலையையும் தேடுவது அதனாற்றான். மூல ஓவியம் நியூயோர்க்கில் இருக்கிறது. அதில் அவன் இன்னும் மரத்தைக் கடந்து முடிக்கவில்லை.