ஓரத்திலிருந்து ஒரு தொகுதி: வேலூர் மக்களவைத் தொகுதியின் எல்லைகளும் உறுப்பினர்களும், 1952–2024

வேலூர் மக்களவைத் தொகுதியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கோட்டையிலோ ஆம்பூரின் தோல் தொழிற்சாலைகளிலோ தொடங்குவார்கள். இக்கட்டுரை தொகுதியின் தெற்கு ஓரத்திலுள்ள கணியம்பாடியிலிருந்து பார்க்கிறது. வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியைக் கடந்தால் கணியம்பாடி. மேலும் சற்றுத் தெற்கே போனால் கண்ணமங்கலம். முன்னது வேலூர் மாவட்டம், அணைக்கட்டு சட்டமன்றத் தொகுதி, வேலூர் மக்களவைத் தொகுதி. பின்னது திருவண்ணாமலை மாவட்டம், ஆரணி மக்களவைத் தொகுதி. அடுத்தடுத்த இரண்டு ஊர்களின் வாக்குகள் வெவ்வேறு உறுப்பினர்களுக்குப் போகின்றன. வேலூரின் உறுப்பினர் யார் என்பதைக் கூட்டணிகள் தீர்மானித்த அளவுக்கு இத்தகைய கோடுகளும் தீர்மானித்திருக்கின்றன என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

1952இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வேலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடம் ஒன்று, பட்டியல் சாதியினருக்கான இடம் ஒன்று. வாக்காளருக்கு இரண்டு வாக்குச் சீட்டுகள் தரப்பட்டன. வேட்பாளருக்கு ஒன்றாக, சின்னம் ஒட்டிய பெட்டிகள் மறைப்புக்குள் வரிசையாக இருந்தன; இரண்டு சீட்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட்டால் ஒன்றே கணக்கில் சேரும். அத்தேர்தலில் பொது இடத்தை வென்றவர் காமன்வீல் கட்சியின் ராமச்சந்தர். மற்றொரு இடம் காங்கிரசின் முத்துக்கிருஷ்ணனுக்கு. இன்று பலருக்கு நினைவில் இல்லாத காமன்வீல், மாணிக்கவேல் நாயக்கர் தலைமையில் வட ஆர்க்காடு, செங்கல்பட்டு வன்னியர்களிடையே வேரூன்றிய கட்சி. மூன்று மக்களவை இடங்களையும் ஆறு சட்டமன்ற இடங்களையும் வென்று, பெரும்பான்மை இல்லாதிருந்த ராஜாஜி ஆட்சிக்குத் தோள் கொடுத்தது. கணியம்பாடி போன்ற உழவர் கிராமங்களின் குரல் டெல்லிவரை கேட்டது அப்போதுதான். 1957இல் இரு இடங்களும் காங்கிரசுக்கே: என்.ஆர். முனுசாமியும் முத்துக்கிருஷ்ணனும்.

1961இல் நாடாளுமன்றம் இரட்டை உறுப்பினர் முறையைச் சட்டம் இயற்றி ஒழித்தது. 1962இல் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த வேலூர், காங்கிரசின் அப்துல் வாஹிதை அனுப்பியது. பாலாற்றங்கரைத் தோல் நகரங்களின் முஸ்லிம் வாக்காளர்கள் இத்தொகுதியின் கணக்கில் எவ்வளவு கனம் பெற்றவர்கள் என்பதற்கு இதுவே முதல் சான்று. பின்னர் 1980இலும் 1989இலும் அப்துல் சமது, 1991இல் அக்பர் பாஷா, 2004இல் காதர் மொகிதீன், 2009இல் அப்துல் ரகுமான். இடையிடையே திராவிட அலைகள்: 1967இல் தி.மு.க.வின் குசேலர், 1971இல் அதே கட்சியின் உலகநம்பி. 1977இல் வென்றவர் ஸ்தாபன காங்கிரசின் தண்டாயுதபாணி. அதன்பின் மூன்று சண்முகங்கள்: 1984இல் அ.தி.மு.க.வின் ஏ.சி. சண்முகம், 1996இல் தி.மு.க.வின் பி. சண்முகம், 1998இலும் 1999இலும் பா.ம.க.வின் என்.டி. சண்முகம். கடைசியாகச் சொன்னவர் மத்திய இணை அமைச்சராகவும் இருந்தார். காமன்வீல் விட்ட இடத்தை நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்துப் பா.ம.க. நிரப்பியதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

எல்லைகளுக்கு வருவோம். 1963ஆம் ஆண்டு மறுவரையறை ஆணையத்தின் பணிக்குப் பிறகு தமிழகத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. 1971 மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு அடுத்த ஆணையம் வரைந்த கோடுகள் 1977 தேர்தலில் நடைமுறைக்கு வந்தன. 1976இன் 42ஆவது திருத்தம் மாநிலங்களுக்கான இட எண்ணிக்கையை உறைய வைத்தது. 84ஆவது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

2002இல் அமைந்த ஆணையம் இடங்களைக் கூட்டாமல் உட்கோடுகளை மட்டும் 2001 கணக்கின்படி மாற்றியது. அதன் தலைவர் நீதியரசர் குல்தீப் சிங். பாலாற்றுப் பகுதிக்கு அவர் புதியவரல்லர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28 ஆகஸ்ட் 1996 அன்று தோல் பதனிடும் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்து, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய உச்ச நீதிமன்ற அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அவரே. இந்த மண்ணின் தண்ணீரைப் பற்றியும் வாக்கைப் பற்றியும் ஒருவரே முடிவெடுக்க நேர்ந்தது.

2008இல் நடைமுறைக்கு வந்த வரைபடத்தில் வந்தவாசி, திருப்பத்தூர் மக்களவைத் தொகுதிகள் மறைந்து ஆரணி, திருவண்ணாமலை தோன்றின. பேரணாம்பட்டு சட்டமன்றத் தொகுதி போனது, கீழ்வைத்தினான்குப்பம் வந்தது, தொடக்கத் தேர்தல்களோடு மறைந்திருந்த ஆம்பூரின் பெயர் மீண்டும் ஏறியது. வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் என ஆறும் சேர்ந்தது புதிய வேலூர். இவற்றில் கீழ்வைத்தினான்குப்பமும் குடியாத்தமும் தனித் தொகுதிகள். காட்பாடி அரக்கோணத்துக்குப் போயிற்று.

மறுவரையறை நடந்த அதே 2008இல்தான் வேலூர் மாநகராட்சி ஆனது. பின்னர் காட்பாடியும் தாராபடவேடும் அம்மாநகராட்சிக்குள் வந்தன. பாலாற்றின் இரு கரைகளுக்கும் குப்பை அள்ளும் மாநகராட்சி ஒன்று, மக்களவை உறுப்பினர் இருவர். 28 நவம்பர் 2019 அன்று திருப்பத்தூரும் இராணிப்பேட்டையும் தனி மாவட்டங்களானபோது குழப்பம் கூடியது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆனால் வேலூர்த் தொகுதியில். காட்பாடி வேலூர் மாவட்டத்தில், ஆனால் அரக்கோணம் தொகுதியில்.

கோட்டின் விளைவை 2019 தேர்தல் பளிச்செனக் காட்டியது. பெருந்தொகை கைப்பற்றப்பட்டதை அடுத்து, வாக்குப்பதிவுக்கு இரு நாள் முன்பு, ஏப்ரல் 16 அன்று தேர்தல் ரத்தானது. ஆகஸ்ட் 5 அன்று மீண்டும் நடந்ததில் தி.மு.க.வின் கதிர் ஆனந்த், இரட்டை இலையில் நின்ற ஏ.சி. சண்முகத்தை வெறும் 8,141 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம் மூன்றும் சண்முகத்துக்கு முன்னிலை தந்தன. வேலூர் நகரமும் ஆம்பூரும் வாணியம்பாடியும் கதிர் ஆனந்தைக் கரைசேர்த்தன. கணியம்பாடியை உள்ளடக்கிய பகுதி ஒரு பக்கம், தோல் நகரங்கள் மறுபக்கம். தோல் நகரங்கள் இரண்டில் ஒன்றின் சட்டமன்றப் பகுதி வேறு தொகுதிக்குப் போயிருந்தாலும் முடிவு மாறியிருக்கக்கூடும். 2014இல் அ.தி.மு.க.வின் செங்குட்டுவன் பெற்ற வெற்றியையோ, 2024இல் கதிர் ஆனந்த் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றதையோ இப்படிக் கோட்டின் கணக்கில் சேர்க்க முடியாது; அவை அலைகள்.

இட எண்ணிக்கையின் உறைவை வேறொரு நாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மெக்சிகோவில் 300 கூட்டாட்சித் தேர்தல் மாவட்டங்கள் என்ற எண்ணிக்கை 1977 சீர்திருத்தம் முதல் நிலையாக இருக்கிறது. ஆனால் கணக்கெடுப்பைப் பார்த்து அவற்றை மாநிலங்களிடையே மறுபடி பங்கிடுகிறார்கள். 2020 கணக்கின்படி வரைந்த எல்லைகளில் 2024 தேர்தல் நடந்தது. இங்கோ மாநிலத்தின் பங்கு 1971இலேயே நிற்கிறது. கணியம்பாடி ஒன்றியத்தில் இது மேலும் உறுத்துகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமுதாய நலத்துறை, கிராமச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு பிறப்பையும் இறப்பையும் பல பத்தாண்டுகளாக இங்கே வீடு வீடாகப் பதிந்துவருகிறது; ஆட்கணக்கு இவ்வளவு கவனமாக எடுக்கப்பட்ட ஒன்றியங்கள் நாட்டில் சிலவே. குடும்பநலத்தில் முன்னே போன மாநிலத்தின் இடங்களைக் குறைத்துவிடக் கூடாது என்ற நியாயம் உறைவுக்கு உண்டு. அதை நான் ஏற்கிறேன். உட்கோடுகளுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 1 மார்ச் 2027 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகு இப்பகுதிக்கு வரும் ஆணையம் முதலில் காட்பாடியை வேலூரோடு சேர்க்க வேண்டும். ஒரு மாநகராட்சியின் வார்டுகள் இரு மக்களவைத் தொகுதிகளில் கிடக்க வேண்டியதில்லை. அப்படிச் சேர்த்தால் இருக்கும் ஆறில் ஒன்று வெளியேற வேண்டிவரும். அது அணைக்கட்டாக இருந்தால், கணியம்பாடியின் வாக்கு கண்ணமங்கலத்தோடு சேர்ந்து ஆரணிக்குப் போகும்.