ஏமாற்றமா, இழப்பா? பவுலின் ஒரு வினைச்சொல்

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 2:11இல் சாத்தானின் செயலுக்குப் பவுல் வழங்கும் வினை ‘பிளெயோனெக்தேஓ’. தந்திரத்தில் ஏமாறுவது என்ற பொருளே படிப்போர் மனத்தில் முந்தி நிற்கிறது. சொல்லின் அமைப்போ வேறொன்றைக் காட்டுகிறது. ‘பிளெயோன்’ மிகுதி, ‘எகோ’ கொண்டிருத்தல். பிறரைவிட மிகுதியாகக் கொள்வதே அடிப்படைப் பொருள். இதன் பெயர்ச்சொல்லான ‘பிளெயோனெக்சியா’வைத் தன் பங்குக்கு மேல் எடுக்கும் அநீதிக்கு அரிஸ்டாட்டில் ஆள்கிறார். பழங்கிரேக்கத்தில் இவ்வினை, யாரை விஞ்சினரோ அவரை ஆறாம் வேற்றுமையில் ஏற்றது. உள்ளே ஒப்பீடு இருப்பதே காரணம். ஆயினும் இது செயப்பாட்டு வினையாக வருவது பவுலுக்குப் புதிதன்று; கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் வரலாற்றில், அதன் முதல் நூலிலேயே உண்டு.

பவுல் அச்செயப்பாட்டு வடிவத்தைத் தன்மைப் பன்மையில் வைத்திருப்பதுதான் கூர்ந்து நோக்கத்தக்கது. தவறு செய்து தண்டனை பெற்ற ஒருவனை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அப்பகுதியின் வேண்டுகோள். 7ஆம் வசனத்தில் மிதமிஞ்சிய துக்கத்தில் விழுங்கப்படும் அபாயம் அவனுக்கு. அது படர்க்கை ஒருமை. 11ஆம் வசனத்திலோ இழப்பு ‘நமக்கு’. அந்த ஒருவன் துக்கத்தில் அமிழ்ந்துபோனால், சபைக்குரிய ஓர் ஆளைச் சாத்தான் தன் பங்காக எடுத்துக்கொள்கிறான். தண்டனையை நீட்டிக்கும் கண்டிப்பே சாத்தானுக்கு ஆதாயமாகிவிடுகிறது.

அதே வசனம் சாத்தானின் தந்திரங்களைப் பேசுகிறதே, அப்படியானால் வஞ்சகம்தானே பொருள் எனலாம். அங்குள்ள ‘நோயேமா’ எண்ணம், திட்டம் என்னும் பொதுச்சொல். அது வழியைச் சொல்கிறது, வினை விளைவைச் சொல்கிறது. மேலும் பாம்பு ஏவாளை வஞ்சித்ததைக் கூறும் 11:3இல் பவுல் ‘எக்ஸபதாஓ’ என்ற வேறு வினையை எடுக்கிறார். ஏமாற்றுவதற்குத் தனிச்சொல் அவர் கையிலேயே இருந்தது. 12:17, 18இல் தானோ தீத்துவோ கொரிந்தியரிடம் ஆதாயம் தேடியதுண்டா என்று கேட்கும்போது மீண்டும் ‘பிளெயோனெக்தேஓ’வே வருகிறது, அங்கே பேச்சு ஆதாயத்தைப் பற்றியது என்பதில் ஐயமில்லை.

ஆகவே இவ்விடத்துக்கு ‘வஞ்சிக்கப்படுதல்’ போதாது. பழைய தமிழ் வேதாகமத்தின் ‘மோசம்போதல்’ ஏமாற்றத்தோடு இழப்பையும் சேர்த்தே தருவதால், இனி வரும் திருத்தங்கள் அதைக் கைவிடலாகாது.