பாம்பின் முதுகில் படிக்கட்டு

திருமலை அடிவாரத்தில், அலிபிரியில், முதல் படியிலேயே வேகம் குறைந்துவிடும். முன்னால் போகிறவர்கள் குனிந்து, படிக்குப் படி மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சூடம் ஏற்றிக்கொண்டே ஏறுவார்கள். மேலே போய்ச் சேர 3,550 படிகள். வேண்டிக்கொண்டவர்கள் ஒன்றைக்கூட விடமாட்டார்கள். வெறும் கல்லுக்கா இத்தனை உபசாரம்? சேஷாசலம் என்னும் இந்த மலை ஆதிசேஷன் என்ற பாம்பின் உடம்பு. தலை திருமலையில், நடு உடல் அகோபிலத்தில், வால் ஸ்ரீசைலத்தில் என்கிறது தலபுராணம்.

அப்படிப்பட்ட மலையில் காலை வைப்பதற்கே கூச்சம் இருந்திருக்கிறது. இராமானுஜர் முழங்காலால் ஏறினார் என்பது வைணவ மரபு. வழியில் மூச்சு வாங்கவைக்கும் ஒரு செங்குத்தான ஏற்றத்தை நம் பெரியவர்கள் முழங்கால் முறிச்சான் என்பார்கள். 15-ஆம் நூற்றாண்டில் சிறுவன் அன்னமய்யா செருப்புக் காலோடு ஏறி, அங்கேதான் சோர்ந்து விழுந்தானாம். அலமேலுமங்கை வந்து, மலை முழுவதும் சாளக்கிராமம், செருப்பைக் கழற்று என்றாளாம்.

சீனர்களுக்கும் இப்படி மலையான ஒரு உடம்பு உண்டு. பெயர் பாங்கு. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் வூ நாட்டைச் சேர்ந்த சூ ஜெங் எழுதிவைத்த கதை இது. வானும் மண்ணும் பிரியாமல் முட்டைக்குள் கலங்கிக் கிடந்தபோது உள்ளே பிறந்தவன் பாங்கு. 18,000 ஆண்டுகளுக்குப் பிறகு தெளிந்தது மேலே போய் வானமாகிறது, கலங்கியது கீழே தங்கி மண்ணாகிறது. வானம் நாளுக்கு ஒரு ஆள் உயரத்துக்கும் மேல் எழும்ப, மண் அதே அளவு தடிக்க, நடுவில் பாங்குவும் வளர்ந்துகொண்டே போகிறான். இன்னொரு 18,000 ஆண்டு! கடைசியில் அவன் சாகும்போது மூச்சு காற்றாகிறது, குரல் இடியாகிறது, இடக்கண் சூரியன், வலக்கண் சந்திரன், ரத்தம் ஆறுகள். மனிதர்கள்? அவன் மேல் ஊர்ந்த பூச்சிகள்தான் காற்றுப் பட்டு மனிதர்கள் ஆயினவாம். படைப்பின் சிகரம் நாமே என்று மார்தட்டும் கதைகளுக்கு நடுவே இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

வேதத்தின் புருஷ சூக்தத்தை அறிந்தவர்களுக்கு உடனே பொறி தட்டும். அங்கும் கண்ணிலிருந்து சூரியன், மூச்சிலிருந்து காற்று. கன்பூசியஸ் காலத்துப் பழைய நூல்களில் பாங்கு இல்லை என்பதால், பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன கதை இது என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. புருஷன் தேவர்கள் நடத்திய வேள்வியில் பலியாகிறான். பாங்குவின் சாவில் வேள்வியும் இல்லை, தேவர்களும் இல்லை. முதுமையில் தானாக விழுகிறான்.

பிற்பாடு ரென் ஃபாங் என்பவர் பெயரில் வழங்கும் நூல் அந்த உடம்பை ஐந்து புனித மலைகளுக்குப் பங்கிடுகிறது. தலை கிழக்கே தைஷான், வயிறு நடுமலை, கைகள் தெற்கும் வடக்கும், பாதம் மேற்கு. தைஷானுக்கும் ஆறாயிரத்துக்கு மேல் படிகள். அடிவாரத்தில் பெரிய கோயில். கி.மு. 219-லேயே பேரரசர் ஷி ஹுவாங் அங்கே ஏறி வானத்துக்கு வழிபாடு நடத்திவிட்டார். பாங்கு ஏட்டில் ஏறுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே மலை கும்பிடப்பட்டது. கதை பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆனால் பாங்கு செத்து மலையானான். ஆதிசேஷன் உயிரோடு படுத்திருக்கிறான். இங்கே படிக்குப் படி பொட்டு விழுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

திருமலையில் படைப்புக் கதை இன்னொரு வழக்கத்தையும் விட்டுவைத்திருக்கிறது. பிரளய நீரிலிருந்து பூமியைத் தூக்கிவந்த வராகர்தான் இந்த மலைக்கு முதல் சொந்தக்காரர். ஸ்ரீநிவாசர் அவரிடம் இடம் கேட்டு வந்தவர். கொடுக்கக் காசு இல்லாததால், முதல் பூசை, முதல் நைவேத்தியம், முதல் தரிசனம் உமக்கே என்று ஒப்புக்கொண்டாராம். சுவாமி புஷ்கரிணிக் கரையில் சின்னக் கோயிலில் இருக்கும் வராகரைச் சேவித்துவிட்டுத்தான் பெருமாளிடம் போக வேண்டும் என்பது இன்றும் முறை. நம் ஆட்கள் பாதிப் பேர் நேரே கூண்டு வரிசைக்கு ஓடிவிடுகிறார்கள்.

(தொடரும்)